அனுமதி பெறாத பட்டறை

"உயரம் எத்தனை அடி வருது?"

மதில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தபோது நோட்டீஸ்காரர் இரண்டு கைகளாலும் இரும்புத் தகரத்தில் மடித்த ஸ்டட் கம்பம் ஒன்றைத் தாங்கிப் பிடித்தபடி, வாயில் நாலு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தார். கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். சுவருக்கு மேலே காக்கிச் சட்டை போட்ட ஒருவரின் தலையும் தோளும் தெரிந்தன. சட்டைப் பையில் இரண்டு பேனா. சுவரின் மேல் விரித்து வைத்த நோட்டுப் புத்தகம். கையில் மூன்றாவதாக ஒரு பேனா.

நோட்டீஸ்காரரின் கண் அந்த மூன்றாவது பேனாவிலேயே நின்றது. ஸ்க்ரூக்களைத் தரையில் துப்பினார்.

"ஆறரை," என்றார்.

அவர் எழுப்பிக்கொண்டிருந்த இரும்புச் சட்டம் எட்டடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. காக்கிச் சட்டைக்காரர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு நோட்டீஸ்காரரைப் பார்த்தார்.

"ஆறரையா?"

"ஆறரைதாங்க. முடிஞ்சதும் ஆறரை வந்துடும்."

காக்கிச் சட்டைக்காரர் தலையை ஆட்டினார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். காலை மணி எட்டேகால்.

நோட்டீஸ்காரர் என்பது அவருக்கு அலுவலகத்தில் விழுந்த பெயர். தண்ணீர் இலாகாவில், அனுமதி இல்லாமல் குழாய் இழுத்தவர்களுக்கும் அனுமதி இல்லாமல் தொட்டி கட்டியவர்களுக்கும் நோட்டீஸ் தயாரிப்பது அவர் வேலை. 'தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்' என்ற வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தட்டச்சு செய்து கொடுப்பார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது கிடையாது. ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. விடைகொடுக்கும் கூட்டத்தில் மேலதிகாரி 'கறை படியாத பணிப்பதிவேடு' என்று சொல்லப்போகிறார் என்பது முன்கூட்டியே காதுக்கு வந்திருந்தது. அந்த மூன்று வார்த்தைகளை அவர் கண்ணாடி முன் நின்று, அடக்கமாகக் கேட்டுக்கொள்வது எப்படி என்று பழகியும் வைத்திருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்பதிலும் குழப்பம் இல்லை. பழுதான மேஜை விசிறிகளைப் பிரித்துப் போட்டு மறுபடி ஓடவைப்பதில் அவருக்கு ஒரு பித்து. இதுவரை அது சாப்பாட்டு மேஜையில் நடந்து வந்தது. போன மாதம் ஒருநாள் மனைவியின் தட்டில், இரண்டாவது கவளத்தில், ஒரு நட்டு அகப்பட்டது. அவள் கத்தவில்லை. நட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, நீங்க ரிட்டயர் ஆனப்புறம் இந்த மேஜையில ஒண்ணு நான் சாப்பிடணும், இல்ல நீங்க விசிறி பிரிக்கணும். எதுன்னு யோசிச்சு வைங்க."

அதனால்தான் பட்டறை. வீட்டின் பக்கவாட்டில், சமையலறைக் கதவுக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த சிமெண்ட் தளத்தில் எட்டடிக்குப் பத்தடி. இரும்புச் சட்டத்தில் கட்டலாம் என்று யோசனை சொன்னவர் மைத்துனர். மனைவிக்குத் தம்பி. எதைச் சொன்னாலும் 'என் அனுபவத்துல' என்றுதான் தொடங்குவார் என்பதால் குடும்பத்தில் அவரை அனுபவம் என்றே குறிப்பிட்டார்கள். எதில் அனுபவம் என்பது கூடப்பிறந்த அக்காவுக்கே தெரியாது.

"என் அனுபவத்துல இதைவிட லேசான வேலை கிடையாது அத்தான். தரையில ட்ராக்னு ஒரு தகரச் சட்டம், மேல ஒரு ட்ராக். நடுவுல ரெண்டடிக்கு ஒரு ஸ்டட்டை நிக்க வச்சு ஸ்க்ரூ முடுக்கினா சட்டம் ரெடி. அதுமேல போர்டு அடிச்சா சுவர் ரெடி."

"அனுமதி வாங்கணுமே மச்சான்."

"செங்கல் வச்சாத்தான் அத்தான் கட்டடம். இது ஸ்க்ரூல நிக்கிற சாமான். பீரோ வாங்குறதுக்கு யாராவது அனுமதி கேப்பாங்களா?"

அனுமதி கேட்காதவர்களுக்கே வாழ்நாளெல்லாம் நோட்டீஸ் அனுப்பியவர், அனுமதி கேட்காமல் தொடங்கினார். சேர்ந்து கிடந்த விடுப்பில் இரண்டு வாரம் எடுத்தார். நாலாம் நாள் சட்டம் நின்றது. ஐந்தாம் நாள் காலை சுவருக்கு மேலே பேனா வந்தது.

"யார் நீங்கன்னு கேட்டிருக்கலாமே," என்றாள் மனைவி.

"கேக்கவே கூடாது. யார் நீங்கன்னு கேட்டவங்களுக்குத்தான் எங்க ஆபீஸ்ல முதல் நோட்டீஸ் போகும். இந்தக் கட்டட இன்ஸ்பெக்டருங்க வழியே தனி. முதல்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வருவாங்க, பாப்பாங்க, சும்மா கேக்குற மாதிரி ஒரு கேள்வி கேப்பாங்க. நாம அதுலேயே புரிஞ்சுக்கணும்."

"என்ன புரிஞ்சுக்கணும்?"

"எட்டடி அதிகம்னு."

அன்று முழுவதும் அவரும் அனுபவமும் மேல்சட்டத்தைக் கழற்றி இறக்கினார்கள். தகரம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஒன்றரை அடி நறுக்கினார்கள். எட்டில் ஒன்றரை போனால் ஆறரை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த முனையிலிருந்து நறுக்குவது என்பதில்தான் பேசிக்கொள்ளவில்லை. அதனால் இரண்டு ஸ்டட்டுகள் இரண்டு முனையிலும் நறுக்கப்பட்டு ஐந்தடியில் வந்து நின்றன. வெட்டிய தகரத்தின் ஓரம் பிளேடு மாதிரி. சாயங்காலம் நோட்டீஸ்காரரின் இரண்டு விரல்களிலும் அனுபவத்தின் மூன்று விரல்களிலும் துணி சுற்றியிருந்தது.

பட்டறை ஆறரை அடியில் நின்றது. ஆறடி இரண்டங்குலம் உயரமுள்ள அனுபவம் உள்ளே நுழைந்து, ஆறடியில் ஓடிய குறுக்குச் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உக்காந்து வேலை செய்ற இடத்துக்கு உயரம் எதுக்கு அத்தான்," என்றார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

இரண்டு நாள் கழித்து எட்டேகாலுக்குக் காக்கிச் சட்டைக்காரர் வந்தார். சட்டத்தைப் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மறுபடி சட்டத்தைப் பார்த்தார்.

"குறைச்சுட்டீங்க."

"ஆமாங்க. எதுக்கு அநாவசியமா உயரம்."

காக்கிச் சட்டைக்காரர் பெருமூச்சு விட்டார். பிறகு பேனாவால் சட்டத்தைச் சுட்டி, "ரெண்டடிக்கு ஒரு ஸ்டட் வச்சிருக்கீங்க. போதுமா சார்?" என்று கேட்டார்.

"போதாதுங்க," என்றார் நோட்டீஸ்காரர் உடனே. "இன்னும் வரும்."

"எவ்வளவுக்கு எவ்வளவு?"

"அடிக்கு ஒண்ணு."

அதையும் எழுதிக்கொண்டு அவர் போனார். நோட்டீஸ்காரர் கடைக்குப் போய், ஏற்கெனவே வாங்கிய அளவுக்கு இன்னொரு பங்கு ஸ்டட் கேட்டார். கடைக்காரர் உள்ளே போய் எடுத்துக்கொண்டே, "சார், விசிறி ரிப்பேர்னுதானே சொன்னீங்க? உள்ள வேற யாரையாவது அடைக்கப் போறீங்களா?" என்று விசாரித்தார்.

அடிக்கு ஒரு ஸ்டட் நிறுத்தியபோது ஜன்னலுக்கு விட்டிருந்த இடம் காணாமல் போனது. ஜன்னல் இல்லாததால் காற்று இல்லை. காற்றுக்கு விசிறி வைக்கலாம் என்றார் அனுபவம். குறுக்குச் சட்டத்தில் விசிறி தொங்கவிட்டால் அதற்குக் கீழே மனிதன் நிற்க முடியாது. இதை யோசித்தபடி நோட்டீஸ்காரர் வெளியே வந்து பார்த்தார். மனைவி துவைத்த துணிகளை எடுத்து வந்து, கம்பிக் கூண்டு போல நின்ற பட்டறையின் மூன்று பக்கமும் வரிசையாக உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் இது ஒரு உபயோகத்துக்கு வந்திருக்கு," என்றாள்.

மூன்றாவது முறை வந்தபோது காக்கிச் சட்டைக்காரரின் முகம் வாடியிருந்தது. வலது கட்டைவிரலில் ஒரு துணிக்கட்டு. ஓயாமல் எழுதினால் விரல் என்ன ஆகும் என்று நோட்டீஸ்காரர் நினைத்தார். அவருக்கு அந்த மனிதர்மேல் ஒரு மரியாதைகூட வந்தது.

"எல்லாப் பக்கமும் சேர்த்துட்டீங்களா சார்?"

"எல்லாப் பக்கமும்ங்க. ஒண்ணுகூட விடல."

"நீங்க எது செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வீங்க." அவர் அதைச் சொன்ன விதத்தில் பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. போகத் திரும்பியவர் நின்றார். "கதவு ரோட்டைப் பாத்துதான் இருக்கும், இல்லையா?"

அன்று காலை டீ ஆறிப்போகும்வரை நோட்டீஸ்காரர் அந்த 'இல்லையா'வை ஆராய்ந்தார்.

"ரோட்டைப் பாத்துக் கதவு வச்சா அது கடை," என்றார் கடைசியில். "குடியிருக்கிற வீட்டுல கடை வைக்கிறான்னு எழுதப்போறார். கதவை வீட்டுப் பக்கம் திருப்பிடணும்."

"வீட்டுப் பக்கம் சமையலறைக் கதவுல்ல இருக்கு," என்றாள் மனைவி.

"இருக்கட்டும். என் அனுபவத்துல ரெண்டு கதவு எதிரெதிரா இருந்தா போக்குவரத்துக்கு வசதி," என்றார் அனுபவம்.

கதவை வீட்டுப் பக்கம் மாற்றினார்கள். சமையலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். பட்டறைக் கதவும் வெளிப்பக்கம் திறக்கும். நடுவில் இருந்தது இரண்டரை அடி. ஒன்றைத் திறந்தால் மற்றது திறக்காது. மறுநாள் நோட்டீஸ்காரர் பட்டறைக்குள் கதவைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது, மனைவி சமையலறையிலிருந்து வெளியே வர முடியாமல் கதவைத் தட்டினாள். அவர் 'இதோ' என்று சொல்லித் தன் கதவைச் சாத்தினார். அவள் தன் கதவை முழுக்கத் திறந்து, ஈரத்துணிக் கூடையை அதன் பின்னால் அண்டக்கொடுத்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் அவர் அடிக்கு ஒரு கம்பி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேணும்னுதான் செஞ்சியா?" என்று பிற்பாடு கேட்டார்.

"பேச்சு சுவாரஸ்யத்துல மறந்துட்டேன்," என்றாள். அவள் முகத்திலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலாவது முறை காக்கிச் சட்டைக்காரர் சுவருக்கு மேல் எட்டி வெகு நேரம் பார்த்தார். கதவு இருந்த இடத்தில் கம்பிகள் இருந்தன. கதவு வேறெங்கோ இருந்தது.

"கதவையும் மாத்திட்டீங்க," என்றார். துணி சுற்றிய கட்டைவிரலைத் தடவிக்கொண்டார்.

"மாத்திட்டோம்ங்க. இப்ப வீட்டு உபயோகம் மட்டும்தான்."

"அடி ட்ராக்கை எதுல பிடிச்சிருக்கீங்க? தரையில போல்ட் இறக்கியிருக்கீங்களா?"

போல்ட் பதினாறு இறக்கியிருந்தது. நோட்டீஸ்காரரின் கால் தானாகவே நகர்ந்து பக்கத்தில் இருந்த ஒரு போல்ட்டை மறைத்தது.

"போல்ட்டா? அதெல்லாம் எதுவும் இல்லைங்களே."

"இல்லையா?" காக்கிச் சட்டைக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு எழுதினார். எழுதியதன் கீழே இரண்டு முறை கோடு போட்டார். கோடு போட்ட சத்தம் இந்தப் பக்கம் கேட்டது.

அதிகாரி ஒரு சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டால் அடுத்தது தபால்தான் என்பது நோட்டீஸ்காரருக்குத் தெரியும். அவர் அலுவலகத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்யவே உட்காருவார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அனுபவத்துக்கு எல்லாம் ஓடியது.

"போல்ட் இருந்தா கட்டடம், இல்லேன்னா சாமான். அவ்வளவுதானே அத்தான்? கழட்டிடுவோம்."

"கழட்டினா மட்டும் சாமான்னு ஒத்துக்குவாரா? இவ்வளவு பெருசா நிக்குதே."

அனுபவம் தாடையைத் தடவினார். "சாமான்னா நகரணும். நகந்து காட்டினா யாரும் வாயைத் திறக்க முடியாது."

பழைய சாமான் கடையில், ஆஸ்பத்திரிக் கட்டில்களிலிருந்து கழற்றிய சக்கரங்கள் எட்டு கிடைத்தன. எட்டிலும் மிதித்தால் பிடித்துக்கொள்ளும் பிரேக் இருந்தது. அவற்றில் மூன்று பிரேக் வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவரும் போல்ட்களைப் பிடுங்கினார்கள், சட்டத்தை மூலைக்கு மூலை நெம்பித் தூக்கினார்கள், அடி ட்ராக்கில் சக்கரங்களை முடுக்கினார்கள். மதில் பக்கம் மட்டும் போர்டும் அடித்துவிட்டார்கள், யாரும் சும்மா எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக.

அன்று சாயங்காலம் நோட்டீஸ்காரர் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். நோட்டீஸ் வரும் முன்பே விளக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பதிவேட்டில் ஏறாமல் தப்பலாம் என்று ஒரு நப்பாசை. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வரியின் மறுபக்கத்திலிருந்து எழுதினார். 'மேற்படி அமைப்பு கட்டடமன்று. நகரும் தன்மையுள்ள சாமான் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அறியாமல் நேர்ந்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்.' மூன்று பிரதி எடுத்தார். இத்தனை வருஷம் இப்படிக் கடிதம் அனுப்பியவர்களுக்கு அவர் ஒரே ஒரு பதில்தான் அனுப்பியிருந்தார்: 'தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதல்ல.'

திங்கட்கிழமை காலை எட்டுமணிக்கு எல்லோரும் தயாராக இருந்தார்கள். நோட்டீஸ்காரர் அலுவலகச் சட்டை போட்டு, கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார். அனுபவம் பட்டறைக்குள் குனிந்து நின்று டீ குடித்தார். மனைவி துணிகளைக் கம்பிகளில் போட்டு முடித்திருந்தாள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. பாதி திறந்த பட்டறைக் கதவு அதன்மேல் முட்டிக்கொண்டிருந்தது.

காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. போர்டு அடித்த பக்கம் அதைக் கப்பல் பாய் மாதிரி வாங்கிக்கொண்டது. பட்டறை 'க்ரீச்' என்றது.

"மச்சான், பிரேக் போட்டிருக்கா?"

"மூணும் போட்டிருக்கு அத்தான். என் அனுபவத்துல இந்தக் காத்துக்கெல்லாம்..."

மனைவி உள்ளே போய்ச் சமையலறைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அதுவரை பட்டறையைப் பிடித்து நிறுத்தியிருந்தது அந்தக் கதவுதான், மூன்று பிரேக்கும் அல்ல என்பது அப்போது தெரிந்தது. மழைத்தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகத் தளத்தை வாசல் கேட்டை நோக்கிச் சரிவாகத்தான் போட்டிருந்தார்கள். பட்டறை அந்தச் சரிவைப் புரிந்துகொண்டது.

வேகமாகப் போகவில்லை. இரண்டெட்டு வைத்தால் பிடித்துவிடலாம் போன்ற வேகம். நோட்டீஸ்காரர் பிடித்தும் விட்டார். பிடித்த ஸ்டட்டோடு அவரும் செருப்பு தேயத் தேய இழுபட்டுக்கொண்டு போனார். பட்டறைக்குத் தரை கிடையாது. சுவர்கள் மட்டும்தான் சக்கரத்தில் இருந்தன. அதனால் பின்பக்கச் சட்டம் முதுகில் இடிக்காமல் இருக்க அனுபவமும் உள்ளேயே முன்னோக்கி நடந்தார். டீயைச் சிந்தாமல், தலையைக் குனிந்தபடி, ஒரே சீராக நடந்தார்.

"விடாதீங்க அத்தான்."

"நான் விடல. அதுதான் என்னை விடமாட்டேங்குது."

மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுடைய ஒரு வாரத் துணி அத்தனையும் கொடி மாதிரி படபடத்துக்கொண்டு அவளைக் கடந்து போனது. அவள் மணியைப் பார்த்தாள். எட்டேகால் ஆக ஒரு நிமிஷம் இருந்தது.

கேட் வெளிப்பக்கம் திறக்கிற கேட். பட்டறை அதைத் தள்ளித் திறந்துகொண்டு பாதி உடம்பைத் தெருவுக்குள் நீட்டியது. பக்கத் தூணில் சிக்கி, ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. நின்ற இடத்துக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில், நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்தபடி காக்கிச் சட்டைக்காரர் நின்றிருந்தார். நோட்டீஸ்காரரின் பனியன் ஒன்று அவருடைய தோளில் விழுந்திருந்தது.

அனுபவம் உள்ளேயிருந்து மீதி டீயைக் குடித்து முடித்தார்.

நோட்டீஸ்காரர் ஸ்டட்டை விட்டுவிட்டு, கம்பிகளைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தார். கடிதத்தை எடுத்தார். இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"ஐயா, மூணு பிரதி இருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு மாச சர்வீஸ்தான் பாக்கி. பதிவேட்டுல ஏத்திடாதீங்க. நீங்க கேட்டதை எல்லாம் அன்னன்னிக்கே சரி பண்ணிட்டேன். போல்ட் விஷயத்துல மட்டும் பொய் சொன்னேன். இப்ப நிஜமாவே போல்ட் கிடையாது."

காக்கிச் சட்டைக்காரர் கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உதடு அசையப் படித்தார். பிறகு திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். மரியாதையாக மடித்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தார். தோளில் கிடந்த பனியனை எடுத்து ஒரு கம்பியில் போட்டார். அப்புறம் தெருவில் குந்தி உட்கார்ந்து, அடி ட்ராக்கை எட்டிப் பார்த்து, துணி சுற்றிய கட்டைவிரலால் சக்கரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். எட்டு வரை எண்ணியதும் அவர் கண்கள் லேசாகக் கலங்கின.

காக்கிச் சட்டைக்காரர் முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்தார்.

"சார், தினமும் பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போற வழியில உங்களைப் பாத்துப் பாத்துத்தான் நானும் எங்க வீட்டுல ஒண்ணு கட்டிட்டு இருக்கேன், உயரத்தை நறுக்குனீங்க, நறுக்குனேன், நடுவுல கம்பி சேத்தீங்க, சேத்தேன், கதவைப் பேத்தீங்க, பேத்தேன், ஆனா இந்தச் சக்கரம் மட்டும் வேண்டாமே சார், எங்க வீடு மேட்டுல இருக்கு."